எட்டு ஞாயிறுகளில் அரசமைப்புச் சட்டம்: பெருந்துறை வகுப்பு குறித்த மதிப்புரை

பெருந்துறையில் அரிசி மண்டி ஒன்றின் மாடியில், ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்தும் அரசமைப்புச் சட்ட வகுப்பில் கடந்த தை, மாசி மாதங்களில் சேர்ந்து படித்தேன். எட்டு வகுப்புகள், ஒவ்வொன்றும் காலை 10 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை, கட்டணம் 1,200 ரூபாய். இடைவேளையில் தரும் தேநீரும் முறுக்கும், கடைசி நாளில் கையில் கொடுத்த நகல் தொகுப்பும் அந்தக் கட்டணத்திலேயே அடக்கம். மதிப்புரை எழுத ஒப்புதல் கேட்டபோது, தம் பெயரையும் மண்டியின் பெயரையும் விட்டுவிட்டு, குறைகளை மட்டும் விடாமல் எழுதுமாறு ஆசிரியர் கேட்டுக்கொண்டார். அவ்வாறே எழுதுகிறேன்.

இந்த வகுப்பின் பொருள் மிகவும் குறுகியது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் எதிர்பார்ப்பதைப் போல முகவுரையில் தொடங்கி அட்டவணைகளில் முடியும் பாடத்திட்டம் இங்கே கிடையாது. ஒரு கூட்டாட்சி நாட்டில் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் என்ன அதிகாரம் உண்டு, அந்த அதிகாரம் எங்கே முடிகிறது, சாதாரணக் குடிமகன் எந்த வழியில் அங்கே போய்ச் சேரலாம் என்னும் மூன்று கேள்விகளுக்கு மட்டுமே எட்டு வாரங்களும் செலவாகின்றன. எனக்குத் தேவைப்பட்டதும் அதுதான்.

எங்கள் குடும்பத்துக்கு நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையின் ஆயக்கட்டில், அதாவது அதன் பாசனப் பரப்பில், இரண்டரை ஏக்கர் நிலம் உண்டு. 1992-இல் அணை திறக்கப்பட்டபோது, இனி நெல் போடலாம் என்று அப்பாரு (தாத்தா) நம்பியிருந்தார். நொய்யலில் தண்ணீர் வந்தது. அது திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவோடு வந்தது. கிணற்றில் உப்பேறியது, தென்னங்குருத்து கருகியது, மாடுகள் தொட்டித் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. நானோ சென்னிமலையில் படுக்கை விரிப்பு நெய்து விற்கும் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன்; அங்கே வந்திறங்கும் நூல் முழுவதும் சாயமேறிய நூல். ஒரே தொழில் எங்கள் நிலத்தைக் கெடுத்தது, ஒரே தொழில் என் சம்பளத்தையும் தருகிறது. ஆகவே நீதிமன்றம் சாயத்தொழில் குறித்து ஏதேனும் சொன்னால், அது எங்கள் வீட்டில் இரண்டு பக்கமும் கேட்கும். நீதிமன்றம் அதை எந்த அதிகாரத்தில் சொல்கிறது என்று தெரிந்துகொள்ளாமலே இத்தனை ஆண்டுகள் இருந்துவிட்டோமே என்ற வருத்தத்தில்தான் வகுப்பில் சேர்ந்தேன்.

முதல் வகுப்பில் ஆசிரியர் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவைத்தார். கூட்டாட்சி நீதிமன்றம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலர் அமெரிக்காவை நினைக்கிறோம். அங்கே இரண்டு நீதிமன்ற ஏணிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. மாநிலச் சட்டத்தின் பொருள் என்ன என்பதில் அந்தந்த மாநிலத்தின் மேல் நீதிமன்றமே இறுதிச் சொல் சொல்லும். கூட்டாட்சி நீதிமன்றங்கள் அரசமைப்பு, நாடாளுமன்றச் சட்டம், மாநிலங்களுக்கிடையிலான வழக்கு, வேறு வேறு மாநிலத்தவருக்கிடையிலான பெருந்தொகை வழக்கு என வரையறுத்த விஷயங்களை மட்டுமே கேட்கும். இந்தியா கூட்டாட்சி நாடாக இருந்தபோதிலும் இங்கே ஏணி ஒன்றுதான். நாடாளுமன்றம் இயற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் இழப்பீடு கேட்பவரும், தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இயற்றிய வாடகைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடுபவரும் ஈரோட்டில் ஒரே நீதிமன்ற வளாகத்துக்குத்தான் போகிறார்கள்; அங்கிருந்து மேல்முறையீடு சென்னைக்கும் டெல்லிக்கும் ஒரே படிவரிசையில் ஏறுகிறது.

கூட்டாட்சி நீதிமன்றம் என்ற பெயரிலேயே ஒரு நீதிமன்றம் நம் நாட்டில் இருந்தது என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தின்படி 1937-இல் அது தொடங்கியது. தலைமை நீதிபதி மாரிஸ் குவையர். உடன் இரண்டு நீதிபதிகள். மாகாணங்களுக்கிடையே எழும் வழக்குகளை அது நேரடியாகக் கேட்கலாம், அந்தச் சட்டத்தின் பொருள் குறித்த மேல்முறையீட்டை உயர் நீதிமன்றச் சான்றோடு ஏற்கலாம், கேட்டால் கருத்துச் சொல்லலாம். ஆனால் அதற்கும் மேலே இறுதி மேல்முறையீட்டைக் கேட்கும் பிரிவி கவுன்சில் லண்டனில் உட்கார்ந்திருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற வரதாச்சாரியார் 1939 முதல் அங்கே நீதிபதியாக இருந்தார். 1949-இல் பிரிவி கவுன்சிலுக்குப் போகும் வழி அடைக்கப்பட்டது. 1950 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் தொடங்கியது. அந்தப் பழைய நீதிமன்றத்துக்கு இருந்த மூன்று வேலைகளும் இன்று உச்ச நீதிமன்றத்தின் அதிகாரங்களுக்குள் ஏறத்தாழ அப்படியே இருக்கின்றன என்பதை ஆசிரியர் இரண்டு பட்டியலை எதிரெதிரே எழுதிக் காட்டினார். வரலாறு இந்த அளவுக்குப் போதும். அவரும் இதற்கு அரை மணி நேரத்துக்குமேல் எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் வகுப்புத்தான் என்னை அங்கேயே கட்டிப்போட்டது. கரும்பலகையில் ஆசிரியர் ஒரு தொட்டிக்கட்டு வீட்டை வரைந்தார். நடுவில் தொட்டி, சுற்றிலும் நடை, வெளியே பல கதவுகள். ஒவ்வொரு கதவின்மேலும் ஓர் எண்ணை எழுதினார். அடிப்படை உரிமை பறிபோனால், அரசுக்கு ஆணையிடும் நீதிப்பேராணையைக் கேட்டு யாரும் நேராக உச்ச நீதிமன்றத்தில் தட்டக்கூடிய கதவு உறுப்பு 32. அம்பேத்கர் அரசமைப்பின் இதயம் என்று சொன்னது இந்த உறுப்பைத்தான். அதே நீதிப்பேராணையை உயர் நீதிமன்றத்தில் கேட்கும் கதவு 226. இது 32-ஐவிட அகலமானது, ஏனெனில் அடிப்படை உரிமைக்கு மட்டுமின்றி வேறு எந்தச் சட்ட உரிமைக்காகவும் இதைத் தட்டலாம். மாநிலமும் மாநிலமும், அல்லது மாநிலமும் ஒன்றியமும் மோதிக்கொண்டால் 131. இந்தக் கதவில் குடிமகனுக்கு இடமில்லை. கீழே எந்த நீதிமன்றமோ தீர்ப்பாயமோ சொன்னதையும் உச்ச நீதிமன்றம் தன் விருப்புரிமையால் எடுத்துக் கேட்கும் சிறப்பு அனுமதிக் கதவு 136. குடியரசுத் தலைவர் மட்டும் தட்டிக் கருத்துக் கேட்கும் கதவு 143. செய்தித்தாள்கள் இவற்றைப் பிரிவு என்று எழுதினாலும், வகுப்பில் எப்போதும் உறுப்பு என்றே சொல்ல வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பு. பள்ளிப் பாடநூலில் படித்த ஆட்கொணர்வு, ஆவணக் கேட்பு, தகுதி வினவு போன்ற பேராணைப் பெயர்களும் அன்று மறுபடி நினைவுக்கு வந்தன.

பிறகு ஒரு கதவைச் சுண்ணக்கட்டியால் குறுக்கே அடித்துக் காட்டினார். அது உறுப்பு 262. மாநிலங்களுக்கிடையிலான ஆற்றுநீர்த் தகராறில் எந்த நீதிமன்றமும் தலையிடக் கூடாது என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்ற அந்த உறுப்பு இடம் தருகிறது. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாறே செய்திருக்கிறது. கொடுமுடியிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் உடனே எழுந்தார்.

"ஏனுங்க ஐயா, கோர்ட்டு கேக்கவே கூடாதுன்னா, காவிரிக்கு டெல்லியில தீர்ப்பு வந்துச்சே, அதெப்படீங்க?"

அந்த ஒரு கேள்விக்கு விடையாகவே மீதி ஒன்றரை மணி நேரமும் ஓடியது. தஞ்சைப் பகுதி விவசாயிகள் சங்கம் ஒன்று 1983-இல் 32-ஆம் கதவைத் தட்டியது. தண்ணீரைப் பங்கிடுமாறு நீதிமன்றத்தைக் கேட்க முடியாது. ஆனால் சட்டப்படி தீர்ப்பாயம் அமைக்க வேண்டிய கடமையை ஒன்றிய அரசு செய்யவில்லை என்று கேட்கலாம். 1990 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பாயம் அமைக்கச் சொன்னது. ஜூன் மாதம் அமைந்தது. 1991-இல் தீர்ப்பாயம் 205 டி.எம்.சி. விடுமாறு இடைக்கால ஆணை இட்டபோது, கர்நாடகம் அதைச் செல்லாததாக்க அவசரச் சட்டம் கொண்டுவந்தது. குடியரசுத் தலைவர் 143-ஆம் கதவைத் தட்டினார். அந்த அவசரச் சட்டம் மாநிலத்தின் அதிகாரத்தை மீறியது என்று நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் கருத்துரைத்தது. 2007-இல் இறுதித் தீர்ப்பு வந்தபின், தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்த்து 136-ஆம் கதவு வழியாக வரலாமா என்ற வினாவுக்கு, வரலாம் என்று 2016 டிசம்பரில் விடை கிடைத்தது. அந்த வழியில்தான் 2018 பிப்ரவரி 16-ஆம் தேதித் தீர்ப்பு பிறந்தது. மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்குக் கிடைக்க வேண்டிய 192 டி.எம்.சி. 177.25 ஆகக் குறைந்தது. அடைத்த கதவைச் சுற்றி மூன்று வேறு கதவுகள் வழியாக ஒரு வழக்கு நடந்த கதையை இவ்வளவு தெளிவாக நான் எங்கும் கேட்டதில்லை. பெரியவர் கடைசிவரை நின்றுகொண்டே கேட்டார். உட்காரச் சொல்லவும் எங்களுக்குத் தோன்றவில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்து அப்பாவின் மஞ்சள் பையை எடுத்துப் பிரித்தேன். அதில் ஓர் உரிமையியல் வழக்கின் கட்டு இருந்தது. எங்கள் நிலத்துக்கு மேற்கே இருந்த சாயப்பட்டறை ஒன்றின்மேல், பெயர் வேண்டாம், அப்பா நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டிருந்தார். ஒன்பது ஆண்டுகள் வாய்தா வாய்தாவாக ஓடிய பின், கிணற்றில் ஏறிய உப்பு அந்தப் பட்டறையின் கழிவால்தான் என்பதை நிரூபிக்கவில்லை என்று வழக்குத் தள்ளுபடியானது. நூற்றுக்கணக்கான பட்டறைகளின் தண்ணீர் கலந்து வரும் ஆற்றில் ஒரு பட்டறையின் சாயத்தைப் பிரித்துக் காட்ட ஒரு விவசாயியால் எப்படி முடியும்? அடுத்த வாரம் அந்தக் கட்டை ஆசிரியரிடம் கொடுத்தேன். இடைவேளை முழுவதும் நின்றபடியே ஒவ்வொரு தாளாகப் படித்தார். தேநீர் ஆறிப்போனது. கடைசித் தாளை மடித்துவைத்து, "அப்பா பொய் சொல்லலீங்க, வக்கீலும் வேலையச் செஞ்சிருக்காரு. கதவுதான் வேற" என்று மட்டும் சொன்னார்.

அந்த வேறு கதவைத் தட்டியவர்கள் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கத்தினர். அவர்கள் எந்தப் பட்டறை எவ்வளவு சாயம் விட்டது என்று நிரூபிக்கப் போகவில்லை. ஆற்றைக் காக்க வேண்டிய அரசும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் தம் கடமையைச் செய்யவில்லை என்று 226-இன் கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தில் கேட்டார்கள். கடமையைச் செய்யச் சொல்வது நீதிப்பேராணையின் வேலை. 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் காலக்கெடு வைத்தது; கெடு தாண்டிக் கழிவுநீர் விடும் பட்டறைகள் லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 8, 10 என ஏறும் தண்டத்தைக் கட்ட வேண்டும் என்றது. சாயப்பட்டறை உரிமையாளர்கள் டெல்லிக்குப் போனார்கள். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அன்னியச் செலாவணி ஈட்டித் தருவதாலோ பலருக்கு வேலை கொடுப்பதாலோ மாசுபடுத்தியதைச் சரிசெய்யும் பொறுப்பிலிருந்து தொழில் தப்பிக்க முடியாது என்று கூறி, மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியை உறுதி செய்தது. கழிவை வெளியேற்றாத நிலைக்கு வருவதற்குக் கொடுத்த அவகாசம் மூன்று மாதம். அதன் பிறகும் தண்ணீர் மாறவில்லை. சங்கத்தினர் நீதிமன்ற அவமதிப்பு மனுவோடு மறுபடி சென்னைக்குப் போனார்கள். 2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடி மின்னிணைப்பைத் துண்டிக்குமாறு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

அந்த மாதங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. அப்பாவுக்கு அது இருபது ஆண்டுகளில் கிடைத்த முதல் நல்ல செய்தி. எங்கள் நிறுவனத்திலோ சாய நூல் வராமல் தறிகள் நின்றன. வாரக் கூலிக்காரர்கள் முன்பணம் கேட்டுக் கணக்கு மேசைக்கு முன்னால் நின்றார்கள். இந்த இரண்டையும் ஒரே வகுப்பில் வைத்துப் பேச ஆசிரியர் தயங்கவில்லை. திருப்பூரிலிருந்து வந்திருந்த பட்டறை மேற்பார்வையாளர் ஒருவர், ஒரே உத்தரவில் அத்தனை பேரின் பிழைப்பையும் நிறுத்தும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இருக்கலாமா என்று சற்றுக் கோபமாகவே கேட்டார். உயர் நீதிமன்றம் எடுத்த எடுப்பில் மூடவில்லை, கெடு, தண்டம், மேல்முறையீடு, மறுபடி கெடு என்று நான்கு ஆண்டுகள் கழித்தே மூடியது என்பதைத் தேதிவாரியாக எழுதிக் காட்டி, அவமதிப்பு அதிகாரமான உறுப்பு 215 இல்லையென்றால் 2006-ஆம் ஆண்டுத் தீர்ப்பு வெறும் தாளாகவே இருந்திருக்கும் என்றார் ஆசிரியர். மேற்பார்வையாளர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் எட்டாம் வாரம்வரை தவறாமல் வந்தார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

இதையொட்டி ஆசிரியர் சொன்ன ஒரு செய்தி பலருக்கும் புதிது. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்கள் வழியாக வந்து கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேர்கிறது. மேலே உள்ள மாவட்டங்களுக்குச் சென்னையில் உள்ள முதன்மை அமர்வு. கரூருக்கு 2004-இல் தொடங்கிய மதுரைக் கிளை. ஒரே ஆற்றின் தலைமடை ஓர் இடத்திலும் கடைமடை வேறோர் இடத்திலும் நீதி கேட்க வேண்டும். கோவையிலும் ஒரு கிளை வேண்டும் என்று இப்பகுதி வழக்கறிஞர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள். ஈரோட்டிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தூரத்தை இரவு ஏற்காடு விரைவு வண்டியில் கடந்து, காலை நீதிமன்றம் போய், வழக்கு அன்று எடுக்கப்படவில்லை என்று கேட்டுத் திரும்பிய யாருக்கும் இந்தக் கோரிக்கையின் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் வகுப்பை இந்த எட்டில் மிகச் சிறந்தது என்பேன். 2014 மே 7 என்ற ஒரே தேதியில் உச்ச நீதிமன்றம் தந்த இரண்டு தீர்ப்புகளை ஆசிரியர் எடுத்துக்கொண்டார். ஒன்று முல்லைப் பெரியாறு. நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்தலாம் என்று 2006-இல் நீதிமன்றம் சொன்னவுடன், அதை முறியடிக்கக் கேரளம் ஒரு சட்டத் திருத்தம் செய்தது. தமிழ்நாடு 131-இன் கீழ் வழக்குத் தொடுத்தது. அந்தத் திருத்தம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. மற்றொன்று சல்லிக்கட்டுக்குத் தடை. காங்கேயம் காளை வளர்ப்போர் பலர் வகுப்பில் இருந்ததால் அங்கே ஒரு முணுமுணுப்பு எழுந்தது. 2017-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் திருத்தச் சட்டம் இயற்றியதல்லவா, அதை 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஏற்றுக்கொண்டதல்லவா, அப்படியானால் கேரளம் செய்தால் தவறு, நாம் செய்தால் சரியா என்று ஆசிரியரே கேட்டுவிட்டு, பத்து நிமிடம் எங்களைப் பேச விட்டார்.

விடை இதுதான். ஒரு தீர்ப்பு பிடிக்கவில்லை என்பதற்காக அது செல்லாது என்று சட்டமன்றம் அறிவிக்க முடியாது. அது நீதிபதியின் நாற்காலியில் உட்காருவதாகும். ஆனால் எந்தச் சட்டநிலையை வைத்து அந்தத் தீர்ப்பு எழுந்ததோ அதையே, தனக்குள்ள அதிகாரத்துக்கு உட்பட்டு, சட்டமன்றம் மாற்றலாம். விலங்குகள் மீதான கொடுமையைத் தடுப்பது, ஒன்றியமும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் உள்ளது. 1960-ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டத்துக்கு மாநிலம் திருத்தம் செய்து, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றது. முந்தைய தீர்ப்பு காட்டிய குறைகளைத் திருத்தமும் விதிகளும் களைந்துவிட்டன என்று அமர்வு கருதியது. சட்டமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் இடையிலான இந்தப் போக்குவரத்து புதிதன்று. அரசமைப்பு நடைமுறைக்கு வந்த சூட்டோடு சூடாக, சென்னை மாநிலம் தோற்ற, பத்திரிகைத் தடை குறித்த ரொமேஷ் தாப்பர், இடஒதுக்கீடு குறித்த செண்பகம் துரைராஜன் வழக்குகளின் விளைவாகத்தான் 1951-இல் முதல் அரசமைப்புத் திருத்தமே வந்தது. அன்று வகுப்பு முடிந்தும் படிக்கட்டில் நின்று இதையே பேசிக்கொண்டிருந்தோம்; மண்டிக்காரர் வந்து லாரி வரும் நேரம் என்று எங்களை நகர்த்த வேண்டியதாயிற்று.

ஒன்றிய அரசின் நிறுவனமான கெயிலின் எரிவாயுக் குழாய் வழக்கை ஆறாம் வகுப்பில் எடுத்தது துணிவான செயல். கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்ட விளைநிலங்கள் வழியே குழாய் பதிப்பதை மாநில அரசே எதிர்த்தது. ஆனால் 1962-ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டத்தின் கீழ் நடக்கும் பணியை நிறுத்த மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று 2013-இல் உயர் நீதிமன்றம் சொல்ல, 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. நியாயம் எந்தப் பக்கம் என்பதும் அதிகாரம் யாருடையது என்பதும் கூட்டாட்சியில் தனித்தனிக் கேள்விகள் என்பதை இதைவிட வலியோடு உணர்த்தும் வழக்கு நம் பகுதியில் வேறில்லை. நிலம் இழந்த இருவர் அன்று வகுப்பில் இருந்தார்கள். ஆசிரியர் அவர்களுக்கு ஆறுதல் சொல்ல முயலவில்லை; தீர்ப்பின் பத்திகளைப் படித்துப் பொருள் சொன்னார். நான் அதை மதிக்கிறேன்.

இனிக் குறைகள். ஏழாம் வகுப்பு அவசரத்தில் நாசமானது. ஆளுநர் மசோதாக்களை நிறுத்திவைப்பது குறித்து 2025 ஏப்ரல் 8 அன்று வந்த தீர்ப்பும், அதில் உறுப்பு 142-ஐக் கொண்டு 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகக் கருதியதும், பிறகு குடியரசுத் தலைவர் 143-இன் கீழ் கேட்ட வினாக்களுக்கு அதே ஆண்டு நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் தந்த கருத்தும், அதில் காலக்கெடு விதிப்பதும் ஒப்புதல் கிடைத்ததாகக் கருதுவதும் இயலாது என்று கூறியதும் முக்கால் மணி நேரத்தில் ஓடின. முழுமையான நீதி வழங்க எந்த ஆணையும் இடலாம் என்று சொல்லும் 142 எவ்வளவு பெரிய அதிகாரம், அதற்கு வேலி எது என்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர்நிலை. இதற்கு ஒரு முழு ஞாயிறு ஒதுக்கியிருக்க வேண்டும். நீதிபதிகளை நீதிபதிகளே தேர்ந்தெடுக்கும் கொலீஜியம் முறையும், அதை மாற்ற வந்த ஆணையத்தை 2015-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றதும் இருபது நிமிடம்கூடப் பெறவில்லை. அதே நேரத்தில் கேசவானந்த பாரதி வழக்கின் 13 நீதிபதிகள், 68 நாள் விசாரணை, 7-க்கு 6 என்ற பிளவு ஆகியவற்றைச் சொல்வதற்கு நான்காம் வகுப்பு முழுவதும் போயிற்று. அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் திருத்தத்தால்கூட மாற்ற முடியாது என்று அந்த வழக்கு சொன்ன கோட்பாடு முக்கியம்தான். ஆனால் அன்று கதை கூடி, பொருள் குறைந்துவிட்டது.

நகல் தொகுப்பு 140 பக்கம். அதில் முக்கால் பங்கு ஆங்கிலத் தீர்ப்புப் பகுதிகள், மொழிபெயர்ப்பு இல்லாமல். உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் ஆங்கிலமே நடைமுறை என்று உறுப்பு 348 சொல்வதையும், தமிழைச் சென்னை உயர் நீதிமன்ற மொழியாக்கக் கோரி 2006-இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியதையும் மனமுருகச் சொன்ன ஆசிரியர், தம் தொகுப்பிலாவது தமிழை முன்னால் வைத்திருக்கலாம். உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்புகள் பலவற்றின் தமிழாக்கத்தை இணையத்தில் இலவசமாக வெளியிட்டுவருகிறது. அவற்றிலிருந்து பத்தைச் சேர்த்தாலே போதும். கலைச்சொற்களும் சீராக இல்லை: ஒரு சட்டம் செல்லுமா என்று நீதிமன்றம் ஆராயும் அதிகாரத்துக்கு ஒரு பக்கத்தில் நீதிப் புனராய்வு என்று பெயர், மறுபக்கத்தில் நீதிமுறை மறுஆய்வு. தீர்ப்பை மறுபடி பார்க்கக் கேட்கும் சீராய்வு மனுவோடு இதைக் குழப்பிக்கொண்டவர் நான் மட்டுமல்ல.

இடவசதியில் சொல்ல வேண்டியது இரண்டு. வந்திருந்த 41 பேரில் பெண்கள் 6 பேர். எங்களுக்கென்று கழிப்பறை இல்லை, மண்டிக்காரர் வீட்டுக்குள் போய்வர வேண்டியிருந்தது. அவர் வீட்டம்மா ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை என்றாலும் இது சரியான ஏற்பாடன்று. மற்றொன்று, ஒலிபெருக்கி கிடையாது. கீழே மூட்டை இறக்கும் நாட்களில் நான்காம் வரிசைக்குப் பின்னால் பாதிதான் கேட்டது.

போட்டித் தேர்வுக்கு விரைவாகத் தயாராக நினைப்பவர்களுக்கு இந்த வகுப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிலம், நீர், வேலை, மாசு, கையகப்படுத்தல் என ஏதேனும் ஒரு வழக்கில் குடும்பமோ ஊரோ சிக்கியிருப்பவர்களும், உள்ளாட்சியில் பொறுப்பில் இருப்பவர்களும், விவசாயச் சங்கத்தினரும் தவறவிடக் கூடாது. ஆசிரியர் சட்ட ஆலோசனை தர மாட்டார், யாருடைய வக்காலத்தையும் வாங்க மாட்டார். அதை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுகிறார். பவானிக்குப் பக்கத்தில் காடப்பநல்லூரில் பிறந்த சதாசிவம் 2013-இல் இந்தியத் தலைமை நீதிபதி ஆனார் என்பதும், யாருக்கும் வாக்கில்லை என்ற பொத்தானை வாக்குப்பதிவு இயந்திரத்தில் வைக்கத் தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவிட்ட அமர்வுக்கு அவரே தலைமை ஏற்றார் என்பதும் வகுப்பில் பெருமையோடு சொல்லப்பட்டன. எங்களோடு படித்த கல்லூரி மாணவி ஒருத்தி அதற்கு அடுத்த வாரமே சட்டக் கல்லூரிச் சேர்க்கை விவரங்களை விசாரித்துக்கொண்டு வந்தாள்.

கடைசி வகுப்பு முடிந்து வீடு திரும்பியபோது அப்பா திண்ணையில் காத்திருந்தார். "ஏஞ்சாமி, நம்ம கட்டப் பாத்துட்டு வக்கீலய்யா என்ன சொன்னாரு?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டார். தொட்டிக்கட்டு வீட்டை நானே ஒரு தாளில் வரைந்து, கதவுகளுக்கு எண் போட்டுக் காட்டினேன். 226-க்கு நேரே விரலை வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த சுற்று வைகாசியில் தொடங்குகிறது. அவர் பெயரையும் பதிந்து கட்டணம் கட்டிவிட்டேன். அவருக்குக் காது சற்று மந்தம். ஆகவே ஒலிபெருக்கி வாங்குவதற்கு எங்கள் அணியினர் சேர்ந்து பணம் திரட்டிவருகிறோம்.